முதுகு காட்டிய கொலு

மாளவிகா என் வீட்டில் தங்க வந்தபோது அவள் கடந்துவந்த தூரம் ஒரு தெருவின் அகலம்தான். அவள் அப்பாவும் அம்மாவும் நாள் கணக்கில் ரயிலில் உட்கார்ந்து கௌஹாத்திக்குப் போனார்கள். இவள் ஒரு சூட்கேஸையும் புத்தகப் பையையும் தூக்கிக்கொண்டு, எதிர்வீட்டுக் கேட்டைச் சாத்திவிட்டு, மந்தைவெளியில் எங்கள் தெருவைக் குறுக்கே தாண்டி எங்கள் மாடிப்படி ஏறினாள். ஊருக்கே பேர் மாறிய வருஷம் அது. மெட்ராஸைச் சென்னை என்று போர்டில் மாற்றினார்கள், எங்கள் வாயில் மாற நாளாயிற்று.

எதிர்வீட்டுக்கு வருவதில் என்ன பெரிய கஷ்டம் என்றுதான் நானும் நினைத்தேன். மூன்று வயசில் ஜட்டியோடு எங்கள் வீட்டுக்குள் ஓடிவந்த பெண். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் தன் வீட்டுக்குப் போவதற்கு முன் என் வீட்டு ஃப்ரிட்ஜைத் திறப்பாள். பாட்டிலை அண்ணாந்து மடக் மடக்கென்று குடித்துவிட்டு மூடாமல் வைத்துவிட்டுப் போவாள். "எருமை, மூடி வெச்சா கை தேஞ்சிடுமா?" என்று நான் தையல் மெஷினில் இருந்தபடியே கத்துவேன். டிசம்பர் வந்தால் எங்கள் கிறிஸ்துமஸ் குடில் அவள் ராஜ்ஜியம். தட்டில் கேழ்வரகு தூவி முளைக்கவிட்டுப் புல்தரை செய்வாள். ஒட்டகத்தை எங்கே நிறுத்துவது என்று என் வீட்டுக்காரர் டெரன்ஸோடு சண்டை போடுவாள். ஐயர் வீட்டுப் பெண்ணுக்குக் குடிலில் இவ்வளவு அதிகாரமா என்று சர்ச்சில் என்னோடு ஜெபம் சொல்கிற மரியாயின் சேனைக்காரிகள் என்னைக் கேலி செய்ததுண்டு.

அந்த ஜூன் மாசம் அவள் அப்பா வெங்கடரமணனுக்கு பேங்கில் மாற்றல் வந்தது. இவளுக்கோ ப்ளஸ் டூ. இங்கே வகுப்பில் முதலாவதாக வருகிறவள். அங்கே போனால் பாடத்திட்டம் வேறு, மறுபடி ப்ளஸ் ஒன்னிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், ஒரு வருஷம் பாழ். அசோக் நகரில் இருந்த சித்தி, "எங்காத்துல ஒரே ரூம்தான்" என்று இழுத்தாள். அவள் அம்மா விஜயலக்ஷ்மி என் மெஷின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினாள். "மர்சி, உன்னை விட்டா எனக்கு யாருடி இருக்கா?"

எங்களுக்கு ஒரே பையன், அவனும் துபாயில். அவன் அறை காலியாகத்தான் கிடந்தது. "போடி, பரீட்சை எழுத வெச்சு முழுசா உன் கையில குடுக்கறேன்" என்று நான் வீரமாகச் சொன்னேன். ஆனால் கிளம்பும்போது விஜி மகளிடமும் ஒரு வாக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். "முடியலைன்னா சொல்லுடா கண்ணா. வருஷம் போனா போறது, வந்து அழைச்சுண்டு போயிடறேன்." அன்றிலிருந்து போன் மணி அடித்தாலே, அந்த வார்த்தையை இவள் சொல்லிவிடப் போகிறாளோ என்று நான் மெஷினை நிறுத்திவிடுவேன்.

வந்த மறுநாள் காலையில் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"ஆன்ட்டி, ஒரு டம்ளர் தண்ணி எடுத்துக்கலாமா?"

எனக்குப் பொசுக்கென்று ஆகிவிட்டது. "என்னடி கேள்வி இது? எப்பவும் கேட்டுட்டா குடிப்ப?" என்றேன். அவள் சிரித்த மாதிரி ஏதோ செய்துவிட்டு, டம்ளரில் ஊற்றிக் குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள். பாட்டிலும் மூடியாகிவிட்டது. எதிர்வீட்டில் இருந்தவரைக்கும் என் வீடு அவளுக்கு இன்னொரு வீடு. எதிர்வீடு இல்லை என்று ஆனதும் இது அந்நியர் வீடாகிவிட்டது. யாராவது இதை எனக்கு முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

சாப்பாட்டிலும் அதே கதைதான். "தனிப் பாத்திரம் இருந்தா போதும், நீங்க எப்பவும்போல சாப்பிடுங்கோ" என்றுதான் விஜி சொன்னாள். நான்தான் வீம்புக்கு மீன்சட்டியைக் கழுவிப் பரணில் ஏற்றினேன். டெரன்ஸ் ஹார்பரில் வேலை பார்த்த ஆள், சாந்தோமில் பிறந்து வளர்ந்தவர். மீன் இல்லாத சோறு அவருக்கு வெறும் சோறு. "நாப்பது நாள் தவக்காலம் தெரியும் மர்சி. நீ என்னா, மாசக்கணக்குல தவக்காலம் ஓட்டிக்கினு கீறே?" என்று முனகுவார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மனுஷர் நேரே தங்கச்சி வீட்டுக்குப் போய் ஒரு பிடி பிடித்துவிட்டு, வாயில் ஏலக்காயை மென்றுகொண்டு வருவார். நான் ஃபில்டர் வாங்கினேன், டிகாஷன் போடக் கற்றுக்கொண்டேன், சாம்பார் வைத்தேன். என்ன வைத்தாலும் "நன்னாருக்கு ஆன்ட்டி" என்பாள். ஒருநாள் சாம்பாரில் உப்பே போடவில்லை. அன்றைக்கும் "நன்னாருக்கு ஆன்ட்டி" என்றாள். முன்பெல்லாம் என் கிறிஸ்துமஸ் கேக்கைத் தின்றுவிட்டு, "சர்க்கரை பத்தலை, கஞ்சம் பிடிச்சுட்டேள்" என்று சொன்ன வாய் அது. அன்றைக்குத்தான் எனக்கு பயம் வந்தது. எனக்கு அந்தப் பழைய எருமை வேண்டும் என்று ஏங்கினேன். அவளோ தன் பழைய வீட்டுக்கு ஏங்கிக்கொண்டிருந்தாள்.

ஏங்குகிறேன் என்று அவள் சொன்னதில்லை. ஆனால் வீட்டில் எத்தனை நாற்காலி இருந்தாலும் ஜன்னலைப் பார்த்திருக்கிற ஒன்றில்தான் உட்கார்ந்து படிப்பாள். ஜன்னலுக்கு நேரே அவர்கள் வீட்டுப் பால்கனி. ஆகஸ்டில் அங்கே புதுக் குடித்தனம் வந்தது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். சுயம்புலிங்கம் என்று ஒரு இன்ஜினியர், அவர் மனைவி முத்துலட்சுமி. தங்கமான மனுஷி, குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவள் முதல்முதலாக அந்தப் பால்கனியில் போர்வை காயப்போட்டபோது, மாளவிகா கையிலிருந்த பேனாவை மூடிவைத்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ஞாயிறு காலையில் கௌஹாத்தியிலிருந்து போன் வரும். அப்பாவிடம் மார்க் சொல்வாள், அம்மாவிடம் "சாப்பிட்டேன், தூங்கறேன், படிக்கறேன்" என்பாள். வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிடுவாள். தண்ணீர்ப் பஞ்சத்தில் ஒரு பக்கெட் போகுமே என்று எனக்கு அடித்துக்கொள்ளும், ஆனாலும் வாயைத் திறக்கமாட்டேன். அழுகிறவளுக்கு அந்தச் சத்தமாவது இருக்கட்டும்.

அக்டோபரில் நவராத்திரி வந்தது. விஜி வீட்டுக் கொலு எங்கள் தெருவில் பிரசித்தம். மண்பொம்மைகள் ரயிலில் அவ்வளவு தூரம் போனால் தூள்தூளாகிவிடும் என்று, மரப்பாச்சி ஜோடியையும் கலசச் சொம்பையும் மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் பழைய வேட்டியில் சுற்றி ஒரு டிரங்குப் பெட்டியில் அடுக்கி என் பரணில் ஏற்றிவிட்டுப் போயிருந்தாள். என் மீன்சட்டிக்குப் பக்கத்தில் அவர்கள் வீட்டுப் பெருமாள்.

நவராத்திரி ஆரம்பித்த ஞாயிறன்று போனில் அவள் அப்பா ஒரு சேதி சொன்னார். மாசக் கடைசியில் ஆபீஸ் வேலையாக மெட்ராஸ் வருகிறாராம். திரும்பும்போது ஒரு டிக்கெட்டா, இரண்டு டிக்கெட்டா என்று அடுத்த ஞாயிற்றுக்குள் சொல்ல வேண்டுமாம். "யோசிச்சுச் சொல்றேன்ப்பா" என்றாள். அந்த வாரம் பூராவும் நான் தைத்த ரவிக்கைகளில் பாதியைப் பிரித்துத்தான் மறுபடி தைத்தேன்.

புதன்கிழமை முத்துலட்சுமி குங்குமச்சிமிழோடு படியேறி வந்து, "ரெண்டு பேரும் சாயங்காலம் வெத்திலை பாக்கு வாங்கிக்க வரணும்" என்று அழைத்துவிட்டுப் போனாள். மாளவிகா, "எனக்கு டெஸ்ட் இருக்கு ஆன்ட்டி" என்றாள். நான் விடுவேனா? "கூப்பிட்டுப் போகாம இருந்தா மரியாதையா இருக்குமா? ஒரு தொன்னை சுண்டல் வாங்கிட்டு ஓடி வந்துடலாம், கெளம்பு" என்று இழுத்துக்கொண்டு போனேன்.

அதே கேட், அதே படி. விஜி வைக்கிற அதே மூலையில்தான் முத்துலட்சுமியும் கொலு வைத்திருந்தாள். அந்த வீட்டில் கொலு வைக்க வேறு இடம் கிடையாது. மாளவிகா உட்கார்ந்து படித்த இடத்தில் துணிக்கொடி கட்டியிருந்தது. இவள் பாயின் ஓரத்தில், சுவரில் முதுகு படாமல் உட்கார்ந்தாள். "ஒரு பாட்டு பாடேம்மா" என்றார்கள். "தொண்டை சரியில்லை மாமி" என்றாள். சுண்டல் வந்தது, கேசரி வந்தது. தின்றுவிட்டுப் பிசுபிசுத்த கையை மடியில் படாமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முத்துலட்சுமி அதைப் பார்த்துவிட்டாள்.

"கை கழுவணுமாம்மா? வா, பின்னாடி வாஷ்பேசின் இருக்கு, காட்டுதேன்."

முன்னால் குடியிருந்தவர்கள் பெண் இவள் என்று அவளிடம் சொல்லித்தான் இருந்தேன். வருகிறவர்களைக் கவனிக்கிற அவசரத்தில் அவளுக்கு ஞாபகம் வரவில்லை, பாவம். மாளவிகா எழுந்தாள். பதினாலு வருஷம் பல் தேய்த்த வாஷ்பேசினுக்கு அந்த அம்மாள் பின்னால் வழி தெரியாதவள் மாதிரி நடந்து போனாள். உள்ளேயிருந்து முத்துலட்சுமியின் குரல் மட்டும் கேட்டது. "பாத்து திறம்மா, இந்த பைப்பு கொஞ்சம் மக்கர் பண்ணும். மேல அடிச்சிரும்." நான் மிச்சக் கேசரியை அப்படியே பாயோரம் வைத்துவிட்டேன்.

விடைபெற்றுக்கொண்டு தெருவைத் தாண்டி வந்தோம். எங்கள் மாடிப்படியில் பாதியில் நின்றாள்.

"ஆன்ட்டி, நான் அம்மாகிட்ட போறேன். வருஷம் போனா போகட்டும். ஞாயித்துக்கிழமை சொல்லிடறேன்."

"சரி" என்றேன். வேறு என்ன சொல்வது? படி, மார்க், எதிர்காலம் என்று ஆயிரம் சொல்லலாம். அம்மாவைத் தேடுகிற பிள்ளையிடம் அதையெல்லாம் எந்த வாயால் சொல்வது? ஜெபமாலையைக் கையில் எடுத்தேன், ஒரு மணிகூட நகரவில்லை. மாதாவே, எனக்கு ஏதாவது வழி காட்டு என்று கேட்டேன். மாதா பரணைத்தான் காட்டினாள், வேறெதையும் காட்டவில்லை.

சனிக்கிழமை அவளுக்கு ஸ்பெஷல் கிளாஸ். அவள் தெருமுனை தாண்டியதும் டெரன்ஸைப் பரண்மேல் ஏற்றினேன். டிரங்குப் பெட்டியை இறக்குவதற்குள் மனுஷருக்கு மூச்சு வாங்கியது.

"இன்னா மர்சி பண்றே நீ? ஃபாதர் வந்து பாத்தாருன்னா இன்னா சொல்வாரு?"

"வந்தா சுண்டல் குடுப்பேன். நீங்க அந்தக் குடில் பலகையை எடுங்க."

டிரங்குப் பெட்டி, குடில் பலகை, மெஷின் ஸ்டூல் எல்லாவற்றையும் அண்டக்கொடுத்துப் படி கட்டினேன். மேலே வெள்ளை லைனிங் துணியை விரித்துக் குண்டூசி குத்தினேன். வேட்டியைப் பிரித்து ஒவ்வொரு பொம்மையாகத் துடைத்து வைத்தேன். பெருமாள், தாயார், ராமர் செட்டு, கல்யாண ஊர்வலம், வாத்தியக்காரர்கள், மளிகைக்கடை வைத்த செட்டியாரும் ஆச்சியும். முடித்ததும் தள்ளி நின்று பார்த்தேன். ஏதோ இடித்தது, என்ன என்று பிடிபடவில்லை. டெரன்ஸும் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "சூப்பரா கீது" என்றார். நம்பினேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

நாலு மணிக்கு மாளவிகா வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றினவள் ஒற்றைக் காலோடு நின்றுவிட்டாள். நான் மெஷினில் ஏதோ தைக்கிற மாதிரி சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தேன். ஊசியில் நூலே இல்லை.

"ஆன்ட்டி..."

"என்னடி?"

"ஏன் எல்லாரும் முதுகைக் காட்டிண்டு நிக்கறா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெருமாளை நடுவில் வைத்துவிட்டு, மற்ற அத்தனை பேரையும் அவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தேன். கல்யாண ஊர்வலம் அவரைப் பார்க்கிறது, வாத்தியக்காரர்கள் அவரைப் பார்த்து ஊதுகிறார்கள். செட்டியார்கூடக் கடையைப் போட்டுவிட்டுத் திரும்பி உட்கார்ந்திருக்கிறார். வருகிறவர்களுக்கு வெறும் முதுகுதான். பதினாலு வருஷம் எதிர்வீட்டுக் கொலுவைப் பார்த்தவள்தான் நான். என்ன பிரயோஜனம், கண் சுண்டல் மேலேயே இருந்திருக்கிறது. கையோ ஆயுசு பூராவும் குடில் வைத்தே பழகிய கை. குழந்தை சேசுவைச் சுற்றி எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்துத்தானே நிற்பார்கள்?

"சாமியைப் பாக்காம வேற யாரைடி பாப்பாங்க?" என்றேன், விட்டுக்கொடுக்காமல்.

அவ்வளவுதான். அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "குடில் மாதிரி... ஐயோ, குடில் மாதிரி வெச்சுட்டேளே ஆன்ட்டி!" என்று சிரித்தாள். டெரன்ஸ் உள்ளேயிருந்து ஓடிவந்தார். ஜூன் மாசத்துக்கு அப்புறம் அந்தச் சிரிப்பை நாங்கள் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தவள் எந்த இடத்தில் அழுகைக்குப் போனாள் என்று எனக்குத் தெரியவில்லை. முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "அம்மா, அம்மா" என்று அழுதாள். குழாயைத் திறந்துவிடாமல், எங்கள் முன்னாலேயே அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையை என் மடியில் போட்டுக்கொண்டேன். நானும் அழுதேன், இதில் மறைக்க என்ன இருக்கிறது?

அழுது முடித்ததும் எழுந்துபோய் ஃப்ரிட்ஜைத் திறந்து, பாட்டிலை அண்ணாந்து மடக் மடக்கென்று குடித்தாள். மூடவில்லை. கத்த வேண்டும் என்று வாய்வரைக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அப்புறம் அதிகாரம் தொடங்கியது. "நாலு படி வெக்கக்கூடாது ஆன்ட்டி, ஒத்தப்படையா இருக்கணும். அங்கிள், அந்த கேரம் போர்டை எடுங்கோ." டெரன்ஸின் கேரம் போர்டு ஐந்தாம் படியானது. ஒவ்வொரு பொம்மையாகத் தோளைத் தொட்டுத் திருப்பினாள். "பொம்மையெல்லாம் நம்மளைத்தான் பாக்கணும். ஆத்துக்கு வரவாளை அதுகள்தான் வாங்கோன்னு சொல்றது." செட்டியார் அருகில் வந்ததும் கையை எடுத்துவிட்டாள். "இவர் மட்டும் நீங்க வெச்ச மாதிரியே இருக்கட்டும். பாவம், கடை கடைன்னே இருந்தவர், ஒரு வருஷமாவது பெருமாளைப் பாக்கட்டும்."

மறுநாள் சரஸ்வதி பூஜை. காலையில் போன் வந்தது. நான் சமையலறையில் கடலை வேகிறதைப் பார்க்கிற சாக்கில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். "அம்மா, இங்க கொலு வெச்சிருக்கும்மா" என்று ஆரம்பித்தவள் முதுகுக் கதையை முழுசாகச் சொன்னாள். அந்தப் பக்கம் விஜி சிரித்தது எனக்கே கேட்டது. நவராத்திரி பாதியில் கொலு வைக்கலாமா என்று கேட்டிருப்பாள் போலிருக்கிறது. "வெச்சாச்சும்மா, இனிமே என்ன?" என்றாள் இவள்.

"அப்பாவுக்கு ஒரு டிக்கெட் போதும்மா" என்றாள் மாளவிகா. "நான் பரீட்சை எழுதிட்டு வரேன்."

பிறகு ரிசீவரை என்னிடம் நீட்டினாள். அந்தப் பக்கம் விஜி தேம்பிக்கொண்டிருந்தாள். மகள் வருவாள் என்று அங்கே பாயையே விரித்துவைத்திருப்பாள், பாவி. "அழாதடி, மார்ச் இதோ வந்துடும்" என்றேன். மார்ச் எவ்வளவு தூரம் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

சாயங்காலம் தெருவில் எல்லாரையும் அழைத்தோம். வேதக்காரி வீட்டில் கொலுவா என்று வேடிக்கை பார்க்க வந்தவர்களே அதிகம். மாளவிகா தாவணி கட்டிக்கொண்டு குங்குமம் கொடுத்தாள். நான் சுண்டல் தொன்னைகளை அடுக்கிய தட்டோடு பின்னாலேயே நின்றேன். முத்துலட்சுமியும் வந்தாள். செட்டியாரின் முதுகைப் பார்த்துச் சிரித்தாள், சுண்டலைச் சாப்பிட்டாள், வாழைப்பழத்தைத் தின்றுவிட்டுக் கையை விரித்துவைத்துக்கொண்டு சுற்றும்முற்றும் பார்த்தாள்.

"எங்கன கை கழுவ?" என்று கேட்டாள், என்னைத்தான். நான் வாயைத் திறப்பதற்குள் மாளவிகா குங்குமச்சிமிழை வைத்துவிட்டு எழுந்துவிட்டாள்.

"வாங்கோ மாமி, காட்டறேன்."

பையன் அறையைத் தாண்டி, சமையலறையைத் தாண்டி, அவளைப் பின்பக்கம் அழைத்துப் போனாள். விளக்கு ஸ்விட்ச் கதவுக்கு வெளியே இருப்பதைத் தேடாமலே தட்டினாள். உள்ளேயிருந்து குரல் மட்டும் எனக்குக் கேட்டது.

"பாத்து மாமி, இந்தப் பைப்பு கொஞ்சம் மக்கர் பண்ணும். நகருங்கோ, நான் திறந்து விடறேன்."